டோக்கன் அட்வான்ஸ் போடும் முன் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள்

மதுரைப் பக்கம் நாலைந்து லட்சத்துக்குள் பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். வெள்ளத்தில் இரண்டு நாள் முங்கிக் கிடந்த வண்டியை 4,65,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அது தெரிந்ததே வாங்கி ஏழு வாரம் கழித்துத்தான். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் எப்படி விற்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நாங்கள் இருப்பது திருமங்கலம். அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. பஸ் படி ஏற முடியாது. மதுரைக்கு செக்கப் போகும்போதெல்லாம் வாடகைக் கார் பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. சீட்டு எடுத்த பணம் இரண்டேகால் லட்சம், மனைவியின் ஆரத்தையும் வளையலையும் அடகு வைத்தது இரண்டு லட்சம், மீதி மச்சானிடம் கைமாற்று. அந்தப் பணத்தில் வாங்கிய வண்டி இது.

2024 ஆடி மாதக் கடைசி. ரிங் ரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2018 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட் நின்றது. பெட்ரோல், டிஎன் 69 நம்பர். மீட்டரில் 43 ஆயிரம் கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர்ணே. ரிட்டயர்டு ஆளு, கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டுனது. ஆர்சிய நீங்களே பாருங்க" என்று கையில் கொடுத்தார் கடைக்காரர். பார்த்தேன், ஒரே பெயர்தான். ஆன்லைனில் நம்பரைப் போட்டும் பார்த்தேன். உரிமையாளர் வரிசை 1, கடன் எதுவும் நிலுவையில் இல்லை, அபராதமும் இல்லை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது.

பானட்டைத் திறந்தால் எஞ்சின் பளபளவென்று இருந்தது. மண்டேலா நகர் வரை ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் மிருதுவாக இருந்தது, ஏசி ஜில்லென்று வந்தது. உள்ளே புது சீட் கவர், புது மேட், மூக்கைத் துளைக்கும் மல்லிகை வாசம் வருகிற பெர்ஃப்யூம். கீழே குனிந்து பார்த்தபோது சீட் தண்டவாளத்தில் துரு தெரிந்தது. கேட்டேன். "தூத்துக்குடி வண்டிண்ணே, உப்புக் காத்து. அந்த ஊர் வண்டி எல்லாத்துலயும் இவ்வளவு இருக்கும்" என்றார். நம்பினேன். கடற்கரை ஊரில் இரும்பு துருப்பிடிப்பது யாருக்குத்தான் தெரியாது? அவர் சொன்ன பதில் அத்தனை பொருத்தமாக இருந்தது. பொய்யைவிட இப்படிப் பாதி உண்மையோடு வருகிற பதிலைத்தான் நான் இப்போது அதிகம் பயப்படுகிறேன்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். "தாராளமா வாங்க. ஆனா ஆவணி பொறந்துட்டா வண்டி நிக்காது, விலையும் இது இருக்காது. ரெண்டு பார்ட்டி பேசிட்டுப் போயிருக்கு" என்றார். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் அடித்துக்கொண்டு வருவார்கள் என்பது நமக்கும் தெரியும்தானே. அன்றைக்கே 25,000 டோக்கன் போட்டேன். அதன்பிறகு மெக்கானிக் வந்து குறை சொன்னாலும் அந்தப் பணம் திரும்பி வராது என்ற எண்ணமே என் கையைக் கட்டிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடவே இல்லை.

ஆவணியில் வண்டியை எடுத்து நேராகப் பாண்டி கோயிலுக்குப் போய் பூஜை போட்டோம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். அன்று அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

முதல் மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் இடது பக்க பவர் விண்டோ இறங்கினால் ஏறாது. ஹார்ன் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. கண்ணாடியை ஏற்றி வைத்துவிட்டு மறுநாள் கதவைத் திறந்தால் ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை. ஐப்பசி மழை தொடங்கியதும், ஒரு ராத்திரி கப்பலூர் டோல்கேட் தாண்டி, பின்னால் லாரி வரும்போது வண்டி அப்படியே அணைந்தது. லைட் இல்லை, ஸ்டியரிங் இறுகிவிட்டது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தோம்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போனேன். அவர் பானட் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, கடைசி வரை, இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தார். நாம் போடும்போது வெளியே வருகிற பகுதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டே கிடக்கிற கடைசி ஒன்றரை அடியில் செம்மண் கறை, வேட்டியில் காய்ந்த சேறு மாதிரி. விரலால் தேய்த்தார், பொடி உதிர்ந்தது. "அண்ணே, இது தண்ணில நின்ன வண்டி" என்றார். மேட்டை எடுத்து, தரை விரிப்பைக் கத்தியால் கிளப்பினார். அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரம். அதற்குள் ஓடுகிற ஒயர் ஜாயின்ட்டுகளில் பழைய செப்புக் குடத்தில் ஏறுகிற மாதிரி பச்சைக் களிம்பு.

மீட்டரைக் கழற்றியபோது இன்னொன்று வந்தது. ஏர்பேக் விளக்குக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. சாவி போட்டதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு என்று அர்த்தம். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். நான் வாங்கும்போது விளக்கே எரியவில்லை, நானும் கவனிக்கவில்லை. அந்த சீட்டில்தான் அப்பாவை உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

ஆர்சியில் இருந்த விலாசத்தை வைத்து, தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா பையன் மூலம் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர் சொன்னதில் அது மட்டும் உண்மை. போனில் நம்பரைச் சொன்னதும் அவர் அதிர்ந்து போனார். "அந்த வண்டியா? டிசம்பர் வெள்ளத்துல ரெண்டு நாள் முங்கிக் கிடந்துச்சே தம்பி! நான் இன்சூரன்ஸ்ல பணம் வாங்கிட்டு விட்டுட்டேனே. அது ரோட்டுல ஓடுதா?"

2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் டிவியில் பார்த்தோமே, அதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்று போனது. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் முங்கிய கார்கள் எங்கே போயின என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. ரிப்பேர் செலவு, வண்டியின் மதிப்பு என்று பாலிசியில் போட்டிருக்கும் ஐடிவி தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். மிஞ்சுகிற வண்டி ஏலத்துக்குப் போகும். என் வண்டியும் அப்படிப் போனதுதான். ஏலத்தில் எடுத்தவர் ஆர்சியோடு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களிலும் இந்தப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி ஃபாரத்தோடு வண்டி கை மாறி கை மாறி, காய வைத்து, கழுவி, வேறு வண்டியின் மீட்டரை மாட்டி மதுரைக்கு வந்திருக்கிறது. கம்பெனி சர்வீஸில் விசாரித்தபோது, 2023 நவம்பரிலேயே 71 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு இருந்தது.

ஆர்சியில் ஏறுவது பெயர்தான், வண்டி போன கைகள் அதில் ஏறாது. சிங்கிள் ஓனர் என்று நான் நம்பிய வண்டி குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் இருந்து வந்தது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டியை உரிமையாளர் அவர்களிடம் ஒப்படைக்கும்போது 29சி என்ற ஃபாரத்தில் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. இதைக் கடையில் கேளுங்கள். நான் வாங்கிய கடையில் அப்படி எதுவுமே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இன்சூரன்ஸ் பேப்பரையாவது கேட்டிருக்கலாம். "பழைய பாலிசி எதுக்குண்ணே, நாங்களே புதுசா போட்டுத் தர்றோம்" என்று மூன்றாம் நபர் பாலிசி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை உபகாரம் என்று நினைத்தேன். பழைய பாலிசியில்தான் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். தொடர்ந்து கிளெய்ம் இல்லாத வண்டிக்கு அது வருடா வருடம் ஏறி 50 சதவீதம் வரை போகும். அதே உரிமையாளர் பெயரில் ஐந்தாறு வருடம் ஆன வண்டிக்குப் பூஜ்யம் என்றிருந்தால், முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கலாம். கடைசி இரண்டு வருடப் பாலிசியையும் கேளுங்கள். தர மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள். அந்த பாலிசி எண்ணை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கிளெய்ம் விவரம் விசாரிக்கவும் முடியும், உரிமையாளர் ஒத்துழைத்தால்.

கடைக்காரரிடம் போனேன். குரலே மாறியிருந்தது. "பார்த்து, ஓட்டித்தானே எடுத்தீங்க?" என்று டெலிவரி அன்று நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார். "வண்டியை நேரில் பரிசோதித்து, உள்ளது உள்ளபடியே முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று டைப் அடித்த வரி. பூஜைக்கு நேரமாகிறது என்று படிக்காமல் போட்ட கையெழுத்து அது. ஆனால் அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று வக்கீல் சொன்னார். தெரிந்தே குறையை மறைத்து விற்றது நுகர்வோர் சட்டத்தில் வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் வழி சொல்கிறார்கள். பழைய உரிமையாளர் நல்ல மனிதர், வெள்ளத்தில் வண்டி நின்ற போட்டோக்களையும் கிளெய்ம் பேப்பரையும் அனுப்பி வைத்தார். மெக்கானிக்கிடம் பெல்ட்டை இழுத்துக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், ரிப்பேர் பண்ணுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும்.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். அதைக் கழுவிப் பாலிஷ் போடாத கடையே கிடையாது. நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் ஓரங்களில் மண் படிவு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் ஸ்குரூ தலைகள் தெரியும். அந்த இடத்துக்குச் சாதாரணமாகத் தண்ணீர் போக வழியே இல்லை, அங்கே துரு இருந்தால் உப்புக் காற்று என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏசியை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பெர்ஃப்யூமை முதலில் கழற்றி வெளியே வையுங்கள். டோக்கன் கொடுக்கும் முன்னால் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆனாலும் பரவாயில்லை.

எனக்கு இதுவரை வயரிங்குக்கு மட்டும் 58,000 ரூபாய் ஆகிவிட்டது. வண்டி ஓடுகிறது, ஆனால் ஏர்பேக்கை நம்ப முடியாது என்கிறார் மெக்கானிக். அதனால் அப்பாவை மறுபடி வாடகைக் காரில்தான் கூட்டிப் போகிறேன். உசிலம்பட்டியில் இருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார், கல்யாணம் ஆன புதுப் பையன். பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அண்ணே, ரிங் ரோட்டுல வேற ஒண்ணு பார்த்து டோக்கன் போட்டிருக்கேன், அதுவும் டிஎன் 69தான்" என்றார். உடனே அவருடைய பைக்கிலேயே இரண்டு பேரும் கிளம்பிப் போனோம்.