யூசிஎல் மாணவர் மையம், லண்டன்: பெந்தாம் தரிசனம், தணிக்கைக் குறிப்புகளுடன்

போகிறவர்களுக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. நாங்கள் போன அன்று வரிசையும் கிடையாது. யூஸ்டன் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கினால் சும்மா நடக்கிற தூரம்தான். என்னைப் போல முழங்கால் தேய்ந்தவர்கள் நடுவில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் மாணவர் மையம் என்று கேளுங்கள். கீழ்த்தளத்திலேயே, லேப்டாப்பும் காபிக் கோப்பையுமாகப் பிள்ளைகள் போய்வருகிற இடத்தில், சுற்றிலும் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ஜெரமி பெந்தாம். இங்கிலாந்துத் தத்துவ அறிஞர், 1832 ஜூன் 6ஆம் தேதி காலமானவர்.

நான் கும்பகோணத்துக்காரன். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 33 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். அவள் ஆபீஸ் கிளம்பியதும் நானும் என் மனைவியும் பஸ் ஏறி ஊர் சுற்றுவோம். அரண்மனை, மியூசியம், ஆற்றங்கரை எல்லாம் பார்த்தாயிற்று. இவரைப் பார்க்க வேண்டும் என்று கிளப்பியது நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, பின்னால் வருகிறேன்.

கல்லூரியில் எனக்கு இவரைத் தெரிந்ததெல்லாம் இரண்டு மார்க் அளவு. பயன்பாட்டுவாதம் என்றால் என்ன என்று பொருளாதாரப் பரீட்சையில் வரும்; 'மிகப் பெரும்பான்மையோருக்கு மிக அதிக மகிழ்ச்சி, பெந்தாம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். ஒரு காரியம் சரியா தப்பா என்பதை அதனால் விளையும் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டும், சாமி சொன்னது பெரியவர்கள் சொன்னது என்றெல்லாம் கணக்கில் கொண்டுவரக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற மனிதர் என்பதை ரிடையர் ஆன பிறகுதான் படித்தேன்.

"இது சிலையா, பொணமா?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்வி. எலும்புக்கூடு அவருடையது. கோட்டும் கால்சட்டையும் வைக்கோல் தொப்பியும் அவருடையவை. சட்டைக்குள் வைக்கோல் திணித்து உடம்பு பண்ணியிருக்கிறார்கள். கைத்தடிகூட அவர் வைத்திருந்ததுதான், அதற்கு 'டாப்பிள்' என்று பெயர் வேறு வைத்திருந்தாராம். தலை மட்டும் மெழுகு. நிஜத் தலையை நியூசிலாந்து மாவோரிகள் முறையில் காயவைத்துப் பார்த்தார்கள். தோல் கறுத்து இறுகி, குழந்தைகள் அலறுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால் ஒரு பிரெஞ்சுக் கலைஞரைப் பிடித்து மெழுகுத் தலை செய்து, அதில் இவருடைய முடியையே பதித்திருக்கிறார்கள். நிஜத் தலை தனியாகப் பூட்டுக்குள் இருக்கிறது. 1975ல் கிங்ஸ் காலேஜ் மாணவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய், தர்ம காரியத்துக்கு 100 பவுண்டு கொடுத்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துகொண்டார்கள்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். அந்தக் காலத்து நிலவரம் தெரிந்தால் தோன்றாது. தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலைத்தான் அறுத்துப் படிக்கலாம் என்று அப்போது இங்கிலாந்தில் சட்டம். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு அது எந்த மூலைக்கு? இடுகாட்டில் தோண்டி எடுத்து விற்க ஒரு கூட்டமே இருந்தது. பெந்தாம், என் உடம்பை அறுத்துப் படியுங்கள், மிச்சத்தை இப்படி உட்கார வையுங்கள் என்று உயில் எழுதினார். செத்த மூன்றாம் நாள் அவருடைய நண்பர் டாக்டர் சவுத்வுட் ஸ்மித், வெளியே இடியும் மின்னலுமாக இருக்க, அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் அறுத்துக் காட்டிப் பேசினார். அதே வருடம் புதுச் சட்டமும் வந்தது. நல்ல சொத்தை மண்ணில் புதைத்து வீணாக்குகிறீர்கள் என்று ஊருக்கே தணிக்கை ஆட்சேபணை எழுதி, சாட்சியத்துக்குத் தன்னையே இணைத்து அனுப்பிய மனிதர் என்று நான் எடுத்துக்கொண்டேன். துறை பாசம்.

குறைகள் உண்டு. கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் அடிக்கிறது. நான் எடுத்த நாலு போட்டோவில் மூன்றில் பெந்தாமின் வயிற்றில் என் முகம். 2020 வரை இவர் பக்கத்துப் பழைய கட்டடத்தில் மரப்பெட்டிக்குள் இருந்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் அதில் ஒரு களை இருக்கிறது. இப்போது ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நாலு பக்கமும் தெரிகிறார். கவுன்சில் கூட்டத்துக்கு இவரைத் தள்ளிக்கொண்டு போய் 'வருகை தந்தார், வாக்களிக்கவில்லை' என்று மினிட்டில் எழுதுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கட்டுக்கதை. கல்லூரியை நிறுவியவரும் இவரில்லை. 1826ல் அது தொடங்கியபோது இவருக்கு 78 வயது, ஒரு பங்கு வாங்கினார், அவ்வளவுதான். எந்த மதத்துக்காரனும் வந்து படிக்கலாம் என்று கதவைத் திறந்த கல்லூரி என்பதால் இவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் போனது சரக்கைப் பார்க்க. அவருடைய சரக்கு 1789ல் வெளிவந்த புத்தகத்தின் நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சில பக்கங்கள்தான். மகளின் பழைய டேப்லெட்டில் அகராதியோடு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். புதுக் கிளார்க்குக்குப் பேரேடு போடச் சொல்லிக்கொடுப்பது போல எழுதியிருக்கிறார். ஒரு இன்பம் வருகிறது என்றால் ஏழு கேள்வி. எவ்வளவு உறைப்பு? எவ்வளவு நேரம் நிற்கும்? வருவது நிச்சயமா? இப்போதே வருமா, தள்ளி வருமா? குட்டி போடுமா, அதாவது அதிலிருந்து இன்னும் இன்பம் பிறக்குமா? கலப்படம் உண்டா, பின்னாலேயே துன்பம் வருமா? கடைசியாக, எத்தனை பேருக்கு? துன்பத்துக்கும் இதே கேள்விகள்தான். ஒவ்வொரு ஆளுக்கும் வரவு தனி, பற்று தனி போட்டு மீதியைக் கண்டுபிடித்து, எல்லார் மீதியையும் ஒன்றாகக் கூட்டினால் தீர்ப்பு வந்துவிடும். மனப்பாடம் செய்ய ஒரு சின்னச் செய்யுளும் எழுதி வைத்திருக்கிறார்.

படித்ததும் என் கை துறுதுறுத்தது. அலகு எங்கே? நெல் மூட்டை, பணம் ரூபாய், இன்பம் என்ன? உங்கள் பத்தும் என் பத்தும் ஒன்று என்பதற்கு ரசீது எங்கே? பின்னால் வந்த எட்ஜ்வொர்த் என்ற பொருளாதார அறிஞர் 1881ல், தெர்மாமீட்டர் மாதிரி இன்பத்தை அளக்க ஒரு கருவி இருந்தால் எப்படி இருக்கும் என்றே எழுதிப்பார்த்தார். கருவி வரவில்லை. பெந்தாமுக்கும் இது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு காரியத்துக்கும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, ஆனால் கண்முன்னால் எப்போதும் இருக்கட்டும் என்று அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். நேர்மையான அடிக்குறிப்பு. இப்படி எழுதித்தரும் சங்கச் செயலாளரை நான் பார்த்ததில்லை.

அடுத்த அத்தியாயத்தில் 14 வகை இன்பம், 12 வகைத் துன்பம் என்று பட்டியல். அதில் அடுத்தவன் கஷ்டப்படுவதைப் பார்த்து வருகிற இன்பமும் ஒரு தலைப்பு! முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. ஒரு சங்கத்தில் இருப்புக் குறைவு பிடிபட்ட செய்தி பரவியதும், பக்கத்து ஊர்ச் சங்கச் செயலாளர் எனக்கு டிகிரி காபி வாங்கிக் கொடுத்தார். அந்த முகத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? நல்லது கெட்டது என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் வந்ததையெல்லாம் வரவில் வைத்துவிட்டு, அதனால் விளைகிற துன்பத்தைப் பற்றில் எழுது என்கிறார். தணிக்கையாளனுக்கு இது புரியும். மனைவிக்குப் புரியவில்லை, "சீ" என்றாள்.

அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. விலங்குகளைப் பற்றி ஓர் அடிக்குறிப்பில், அவை யோசிக்குமா பேசுமா என்று கேட்காதே, அவற்றுக்கு வலிக்குமா என்று கேள் என்கிறார். தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு இலையில் உட்காருகிறவள் அதைக் கேட்டு, "இதுக்கா இவ்வளவு பெரிய பொஸ்தகம்?" என்றாள்.

இவர் போட்ட ஒரு சிறை வரைபடத்தை நான் ஏற்கெனவே நேரில் பார்த்திருக்கிறேன் என்பதும் இங்கேதான் உறைத்தது. நடுவில் ஒரு கோபுரம், அங்கிருந்து ஒரு காவலாளி எல்லாக் கைதிகளையும் பார்க்கலாம், பார்க்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. பல வருடம் அரசாங்கத்தின் பின்னால் அலைந்தார். சிறை கட்டப்படவே இல்லை. 1813ல் 23,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கிக்கொண்டதோடு சரி. அந்த யோசனையின் சாயலில் பிற்பாடு போர்ட் பிளேரில் ஏழு சிறகுகளோடு ஒன்று எழுந்தது. ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தபோது அந்த நடுக்கோபுரத்தில் ஏறி நின்றிருக்கிறேன். அங்கே கூட்டிய கணக்கில் கைதியின் பக்கம் யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை.

சிஷ்யப் பிள்ளை ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸில் 35 வருடம் இந்தியா ஃபைல் பார்த்தவர், ஆகவே நம் ஜாதி. இருபது வயதில், நீ ஆசைப்படும் சீர்திருத்தம் எல்லாம் இப்போதே நடந்துவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்ததும் மனுஷன் ஒடிந்து போனார். தேறி வந்த பிறகு, இன்பத்தில் உயர்ந்தது தாழ்ந்தது உண்டு என்று ஆசானின் கணக்கைத் திருத்தினார். பெந்தாமோ, தரும் இன்பம் சமமாக இருந்தால் குண்டூசி விளையாட்டும் கவிதையும் ஒன்றே என்றவர். இதில் நான் பெந்தாம் கட்சி. கச்சேரிக்குப் போய்த் தூங்கிவிட்டு கேன்டீனில் விழித்துக்கொள்ளும் பெரிய மனிதர்களை நிறையப் பார்த்தவன்.

சரி, காரணம். உடல்தானப் படிவம் ஒன்று ஒன்றரை வருடமாக என் பெட்டியில் கிடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் நானே போய் வாங்கிவந்தது. என் கையெழுத்து இருக்கிறது. குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. மகள் போடத் தயார். மனைவி அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் காவேரியில்தான் கரைத்தோம். லண்டனுக்கு அந்தப் படிவத்தைக் கொண்டுவந்ததும், அவளை இங்கே கூட்டிவந்ததும், ஒரு முன்மாதிரியைக் காட்டினால் மனசு மாறுவாள் என்ற நப்பாசையில்தான்.

பெட்டிக்கு எதிரே ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, பாக்கெட் நோட்டில் கோடு போட்டேன். வரவு: மாணவர்கள். ஒரு மேஜையைச் சுற்றி நிற்கிற பிள்ளைகள், அவர்கள் நாளைக்குத் தொடப்போகிற நோயாளிகள். எத்தனை பேருக்கு என்ற கேள்வியில் இந்தப் பக்கம் அடித்துக்கொள்ள முடியாது. எனக்கு: செத்த பிறகு பூஜ்யம், இப்போது கொஞ்சம் பெருமை. அதுவும் பெந்தாமின் 14ல் ஒன்று, நற்பெயர் இன்பம். பற்று: ஒரே ஆள். உறைப்பு என்ற இடத்தில் என்ன எண் போடுவது என்று யோசித்தபடி நிமிர்ந்து பார்த்தேன். அவள் பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து, அவருடைய முதுகுப் பக்கம் நின்றிருந்தாள்.

"பாவங்க. உக்கார வச்சே வச்சிருக்காங்க. படுக்க விடல."

பிறகு கேட்டாள்: "இவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க?"

கல்யாணம் ஆகவில்லை என்றேன். ஒரு பெண்ணைக் கேட்டார், அவள் மறுத்துவிட்டாள் என்றும் சொன்னேன்.

"அதான்" என்றாள்.

நோட்டை மூடி வைத்துவிட்டேன். பெந்தாமின் ஐந்தொகை அழகாகத் தேறியதற்கு அந்தப் பக்கத்தில் எழுத ஆளில்லாததும் ஒரு காரணம் என்று எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. உயிலில் நண்பர்களும் சீடர்களும் வருகிறார்கள். அவர்கள் கூடும் நாளில் என்னைப் பெட்டியோடு அந்த அறைக்குத் தள்ளி வாருங்கள் என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது சிரித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு டிரம்மண்ட் தெருவுக்குப் போங்கள். யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் உள்ள தெரு. நாங்கள் ஒரு சின்னக் கடையில் மசால் தோசை சாப்பிட்டோம். உருளைக்கிழங்கில் இஞ்சி தூக்கல், சாம்பார் கொஞ்சம் இனிப்பு, தோசை மட்டும் மொறுமொறுவென்று குறை சொல்ல முடியாதபடி இருந்தது. பாதி தோசையில் அவளே ஆரம்பித்தாள்.

"அந்தப் பாரத்தை இங்கயும் எடுத்துட்டு வந்துருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். துணி மடிக்கறப்ப பாத்தேன்."

நான் பேசவில்லை.

"நான் முன்னாடி போய்ட்டேன்னா, அப்புறம் நீங்க எந்தக் காலேஜுக்கு வேணாலும் போங்க. நான் இருக்கறப்ப வேணாம்."

சரி என்று தலையாட்டினேன். பில் வந்தது. நான் பார்த்துவிட்டுக் காசை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள். இரண்டு காபிக்கு மூன்று போட்டிருந்தார்கள்.