விருதுநகர் காமராஜர் இல்லம்: பைபாஸ்ல தாண்டிப் போயிடாதீங்க

மதுரையிலருந்து திருநெல்வேலி, கன்னியாகுமரி போறவங்க பெரும்பாலும் பைபாஸ்லயே விருதுநகரைத் தாண்டிப் போயிடுறாங்க. அடுத்த தடவை ஒரு மணி நேரம் ஒதுக்கி ஊருக்குள்ள வந்து காமராஜர் வீட்டைப் பாத்துட்டுப் போங்க. டிக்கெட் எல்லாம் கிடையாது. தெரு குறுகல், காரை பஜார் பக்கம் எங்கயாச்சும் நிறுத்திட்டு நடந்துருங்க, யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

வீடு ரொம்பச் சின்னது. 1954லருந்து 1963 வரைக்கும் முதலமைச்சரா இருந்தவரோட அம்மா குடியிருந்த வீடு இதுதான்னா புதுசா வர்றவங்க நம்பவே மாட்டாங்க. சிவகாமி அம்மாளுக்கு மாசம் 120 ரூபாதான் அனுப்புவாரு, வீட்டுக்குள்ள தனியா தண்ணிக் குழாய் போட்டுக் குடுத்ததைக் கூட எடுக்கச் சொல்லிட்டாருன்னு ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க. சின்ன வயசுலருந்து கேட்ட கதைதான், ஆனா அந்த வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நினைச்சுப் பாத்தா நெஞ்சு கனத்துப் போகுது.

சுவர்ல போட்டோக்கள் இருக்கு. நேரு, இந்திரா கூட இருக்கற படத்தை எல்லாம் எங்க வேணா பாக்கலாம், இங்க வந்தா அதுக்கு முந்தின காமராஜரை நினைச்சுப் பாருங்க. அப்பா சின்ன வயசுலயே தவறிட்டதால க்ஷத்ரிய வித்யாசாலா படிப்பைப் பாதில விட்டுட்டு மாமாவோட ஜவுளிக்கடைல நின்ன பையன், 1930ல உப்பு சத்தியாகிரகத்துக்காக ஜெயிலுக்குப் போய், 1933ல விருதுநகர் வெடிகுண்டு வழக்குலயும் அவரைச் சேத்துவிட, கடைசில விடுதலையாகி, 1941ல திரும்பவும் ஜெயில்ல இருக்கும்போதே அவரை இந்த ஊர் நகராட்சிக்கு சேர்மனாத் தேர்ந்தெடுத்தாங்க. வெளிய வந்ததும் இந்தப் பதவிக்கு முழுசா உழைக்க முடியாதுன்னு ராஜினாமா பண்ணிட்டாரு. இன்னைக்கு கவுன்சிலர் சீட்டுக்கு நடக்கற சண்டையைப் பாக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விசயம்னு புரியும். இதே ஊர்தான் 1967 சட்டமன்றத் தேர்தல்ல அவரை 1,285 ஓட்டுல தோக்கடிச்சதும், எனக்கு அது இன்னும் ஆறல.

நாங்க போயிருந்தப்ப ஒரு பாட்டி வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ள வந்தாங்க. கூட வந்த பேரன்கிட்ட "இவரு போட்ட மதியச் சோத்தை நம்பித்தான்டா எங்கப்பா என்னைய அஞ்சாப்பு வரைக்கும் அனுப்பிச்சாரு"ன்னு சொன்னாங்க, அந்தப் பையன் அதுக்கப்புறம் ஒவ்வொரு போட்டோவையும் நின்னு நின்னு பாத்தான். அதனால வீட்ல தாத்தா பாட்டி இருந்தா கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, எந்த போர்டும் அவங்க அளவுக்குச் சொல்லாது.

ஜூலை 15 அவரு பிறந்தநாள், மாலை போட வர்ற கூட்டம் நிறைய இருக்கும், நிதானமாப் பாக்கணும்னா வேற நாள்ல போங்க. வெளிய வந்து நல்ல கடையா விசாரிச்சு எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுக் கிளம்புங்க, இந்த ஊருக்கு வந்துட்டு அதைச் சாப்பிடாமப் போகக்கூடாது.