இண்டி மல்யுத்தம்: பதினெட்டு ஆண்டுகள் பார்த்த பிறகு

2006 செப்டம்பர் 16ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் 34ஆம் தெருவிலுள்ள மன்ஹாட்டன் சென்டரில், தோளில் கட்டுப் போட்டிருந்த பிரையன் டேனியல்சன், ஜப்பானிலிருந்து வந்த கென்டாவுக்கு எதிராக அமெரிக்க மல்யுத்த நிறுவனமான ரிங் ஆஃப் ஹானரின் உலகப் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் கோதாவில் இறங்கியதை நான் நேரில் பார்த்தேன். அப்போது நியூ ஜெர்சியில் வேலை பார்த்துவந்த என்னை அறை நண்பர் வற்புறுத்தி அழைத்துச் சென்றிராவிட்டால், அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே எனக்குத் தெரிந்திராது. சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்ததும், பள்ளியில் டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டுகளை வைத்து விளையாடியதுமே மல்யுத்தத்தைப் பற்றி எனக்கிருந்த அறிவு. சில வாரங்களுக்கு முன் கோல்ட் கபானாவுடன் ஆடியபோது டேனியல்சனின் தோள் உண்மையாகவே காயப்பட்டிருந்தது என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். கென்டாவின் உதைகள் விழும்போதெல்லாம் அரங்கமே அந்தத் தோளுக்காகப் பதைத்தது. கடைசியில் எதிராளியின் இரு கைகளையும் பின்னால் மடக்கித் தன் உடலைப் பாலம்போல் வளைத்து இறுக்கும் கேட்டில் மியூட்டிலேஷன் பிடியில் அவர் வென்றபோது, கத்திக் கத்தி என் தொண்டை கட்டியிருந்தது.

அன்றிலிருந்து இந்த ஆட்டங்களை வட்டுகளாக வாங்கினேன். 2011இல் கோயம்புத்தூருக்குத் திரும்பியபோது நூற்றுக்கு மேற்பட்ட வட்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்தேன். இணையவழிச் சந்தாக்கள் வந்த பின் அவற்றுக்கும் பணம் கட்டினேன். ஆகவே இது ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த கையோடு எழுதும் மதிப்பீடு அன்று. ஐந்தாம் முறையும் பத்தாம் முறையும் பார்க்கும்போது எந்த ஆட்டம் நிற்கிறது, எது தேய்ந்துபோகிறது என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

வீட்டில் யாராவது அருகில் வந்து அமர்ந்தால் முதலில் கேட்கும் கேள்வி, இது பேசிவைத்து ஆடும் சண்டைதானே என்பது. ஆம், பேசிவைத்ததுதான். பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது தெரிந்தே ஊர் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. அவன் எப்படி விழுகிறான், விழுமுன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதைப் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறது. மல்யுத்தத்தில் நான் தேடுவதும் அதையே. தொலைக்காட்சியின் பெரிய நிறுவனங்களைச் சாராத சிறிய அமைப்புகள், வாடகைக் கூடங்களில் சில நூறு பேர் முன்னிலையில் நடத்துவதுதான் இண்டி மல்யுத்தம். அங்கே விளம்பர இடைவேளை இல்லை, ஆட்டத்தை அவசரமாக முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே அந்த 'எப்படி' என்பதற்கு நிறைய இடம் கிடைக்கிறது.

என்னுடைய அளவுகோலில் முதலில் நிற்பது 2004ஆம் ஆண்டு சமோவா ஜோவும் சிஎம் பங்க்கும் ஆடிய மூன்று ஆட்டங்கள். 2003 மார்ச்சில் பட்டம் வென்ற ஜோ, ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் அதை விடாமல் வைத்திருந்தவர். பருத்த உடல், அதற்குப் பொருந்தாத வேகம், எதிரே வருபவரை அடித்து நொறுக்கிச் சீக்கிரம் முடித்துவிடும் ஆட்டம். அவரை வலிமையால் வெல்ல முடியாது என்பதை உணர்ந்த பங்க், ஜூன் 12ஆம் தேதி ஓஹையோவின் டேட்டன் நகரில், கக்கத்தில் தலையை இறுக்கும் ஹெட்லாக் பிடியைப் போட்டு அதையே விடாமல் பற்றிக்கொண்டார். முதன்முறை பார்த்தபோது எனக்கு அது சலிப்பூட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு இடங்களில் வேகமாக ஓட்டியும் பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான், பங்க் ஜோவின் மூச்சைச் சிறிது சிறிதாகத் திருடிக்கொண்டிருக்கிறார் என்பதும், ஜோ இதுவரை போகாத நேரத்துக்குள் அவரை இழுத்துச் செல்வதே ஆட்டத்தின் கதை என்பதும் எனக்குப் பிடிபட்டது. அறுபது நிமிடம் முடிந்தும் வெற்றி தோல்வி இல்லை.

அக்டோபர் 16ஆம் தேதி, பங்க்கின் சொந்த ஊரான சிகாகோவை ஒட்டிய சிகாகோ ரிட்ஜில் நடந்த இரண்டாம் ஆட்டமும் அறுபது நிமிடங்களில் சமனாகவே முடிந்தது. மல்யுத்த இதழாளர் டேவ் மெல்ட்சர் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்; வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 1997க்குப் பிறகு அவர் அளித்த முதல் ஐந்து நட்சத்திரம் அது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன், ஆனால் முதலாவதைப் பார்க்காமல் அதைப் பார்க்கக் கூடாது. டேட்டனில் தனக்கு நேர்ந்ததை ஜோ நினைவில் வைத்திருக்கிறார். அதே பிடி மறுபடி விழும்போது அவர் காட்டும் பொறுமையின்மை, முதல் ஆட்டம் தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும். டிசம்பர் 4ஆம் தேதி கால வரம்பில்லாமல் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் ஜோ வென்றார். அது நல்ல ஆட்டம்தான், என்றாலும் முதல் இரண்டையும் பார்க்கும் அளவுக்கு நான் அதைத் திரும்ப எடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவம், 2005 அக்டோபர் 1ஆம் தேதி நியூயார்க்கில் ஜோவும் கென்டா கொபாஷியும் ஆடியது (முன்பு சொன்ன கென்டா வேறொருவர்). இதில் புரிந்துகொள்ளப் பொறுமை தேவையில்லை. ஜப்பானின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரான கொபாஷி அந்தச் சிறிய அரங்கில் நுழைந்ததுமே கூட்டம் நிலைகொள்ளாமல் போகிறது. இருவரும் ஒருவர் மார்பில் ஒருவர் திறந்த கையால் அறையும் சாப் அடிகளின் ஓசை, இன்றும் என் மடிக்கணினியின் மட்டமான ஒலிபெருக்கியில்கூட உடலைக் கூசவைக்கிறது. கொபாஷி, கையை நீட்டிக் கழுத்தில் வீசியடிக்கும் தமது லாரியட்டால் வென்றார். அடுத்த ஆண்டே அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர் அதிலிருந்து மீண்டு 2007 டிசம்பரில் மறுபடி கோதா ஏறினார் என்பதை அறிந்த பின், அந்த ஆட்டத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

நட்சத்திரக் கணக்கை நம்பி வட்டு வாங்குவதில் ஓர் இடர் உண்டு. 2006 மார்ச் 31ஆம் தேதி சிகாகோ ரிட்ஜில், ஜப்பானின் டிராகன் கேட் நிறுவனத்தின் ஆறு வீரர்கள், ஒரு பக்கம் டிராகன் கிட், கென்கி ஹொரிகுச்சி, ரியோ சைட்டோ, மறுபக்கம் சிமா, நருகி டோய், மசாட்டோ யோஷினோ என்று மும்மூவராகப் பிரிந்து ஆடியதும் ஐந்து நட்சத்திரம் பெற்றதே. அந்த வேகத்தை முதன்முறை பார்ப்பவர் வாய்பிளந்துதான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அந்த ஆட்டம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தைகளை அதற்குப் பின் வந்த நூறு ஆட்டங்களில் பார்த்துவிட்ட கண்களுக்கு, ஆறாம் முறை பார்க்கையில் வியப்பு மிஞ்சுவதில்லை. அது அவர்களுடைய குறையன்று. வியப்பை மட்டும் அடித்தளமாகக் கொண்ட ஆட்டத்துக்கு அதுவே வயது.

மறுபடி பார்க்கத் தாங்காத ஆட்டம் ஒன்றும் என்னிடம் உண்டு, தரக்குறைவால் அன்று. 2006 ஆகஸ்ட் 12ஆம் தேதி லிவர்பூலில், டேனியல்சனும் நைஜல் மெக்கின்னஸும் தத்தம் பட்டங்களைப் பணயம் வைத்து ஆடியது அது. மெக்கின்னஸ் வைத்திருந்த பியூர் பட்டத்தின் விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை: எதிராளியின் பிடியிலிருந்து கோதாவின் கயிற்றைப் பிடித்துத் தப்ப ஒருவருக்கு மூன்றே வாய்ப்புகள், அவற்றைச் செலவழித்துவிட்டால் கயிறும் துணைக்கு வராது. ஆட்டத்தின் பிற்பகுதியில் டேனியல்சன், கோதாவுக்கு வெளியே நின்ற மெக்கின்னஸின் கைகளைப் பற்றியிழுத்து அவர் தலையை இரும்புத் தூணில் மீண்டும் மீண்டும் மோதவிடுகிறார். இரத்தம் வழிய அவர் எழுந்து தொடர்ந்து ஆடியதை 2006இல் வீரம் என்றே நான் கொண்டாடினேன். தலையில் படும் அடிகளின் பின்விளைவுகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மூளை அதிர்ச்சிகளின் காரணமாக டேனியல்சனே 2016இல் ஓய்வை அறிவிக்க நேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தே திரும்பினார். இருவரும் 2024 செப்டம்பரில் நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கில் மீண்டும் ஒருமுறை மோதினார்கள். அதில் முதுமையும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது; லிவர்பூலைவிட அதை நான் நிம்மதியாகப் பார்த்தேன்.

ஓர் ஆட்டம் அன்றி ஓர் உறவையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர வைத்தவர்கள் கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கெவின் ஸ்டீனும், முகமூடி அணிந்த எல் ஜெனெரிக்கோவும். 2008இல் இருவர் அணிகளுக்கான இணைப் பட்டத்தை வென்ற கூட்டாளிகள். 2009 டிசம்பரில், ரிங் ஆஃப் ஹானரின் ஆண்டிறுதி நிகழ்ச்சியான ஃபைனல் பேட்டில் இரவில், ஸ்டீன் நாற்காலியைத் தூக்கித் தோழனையே தாக்கினார். அடுத்த ஓராண்டுக் காலம் அந்தப் பகை வளர்ந்து, 2010 டிசம்பர் 18ஆம் தேதி, ஜெனெரிக்கோ தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும், ஸ்டீன் தோற்றால் நிறுவனத்தைவிட்டே போக வேண்டும் என்ற பந்தயத்தில் முடிந்தது. ஜெனெரிக்கோ வென்றார். முகம் தெரியாத ஒருவர் தோள்களையும் நடையையும் மட்டும் வைத்துத் துயரத்தைக் காட்ட முடியும் என்பதை நான் அவரிடம்தான் கண்டேன். இவர்கள் பின்னாளில் கெவின் ஓவன்ஸ், சாமி ஸெய்ன் என்ற பெயர்களில், 2023 ஏப்ரல் 1ஆம் தேதி டபிள்யூ டபிள்யூ ஈ (பழைய டபிள்யூ டபிள்யூ எஃப்) நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் முதல் இரவின் இறுதி ஆட்டத்தில் இணைந்து இணைப் பட்டம் வென்றபோது, பெரிய அரங்கில் இருந்தவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியைவிட எனக்குக் கிடைத்தது கூடுதலானது என்றே நம்புகிறேன். அந்தக் கட்டித்தழுவலுக்குப் பின்னாலிருந்த ஆண்டுகளை நான் வட்டு வட்டாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

இதே இருவரின் மிகவும் கட்டற்ற ஆட்டங்கள், லாஸ் ஏஞ்சலிஸின் ரெசீடா பகுதியிலிருந்த அமெரிக்கன் லீஜியன் கூடத்தில் பிடபிள்யூஜி (புரோ ரெஸ்லிங் கெரில்லா) என்ற அமைப்பு நடத்தியவை. 2003இல் ஆறு வீரர்கள் சேர்ந்து தொடங்கிய அந்த அமைப்பு நெடுங்காலம் நேரலையே தரவில்லை. வட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். படப்பிடிப்பு எளிமையானது, கூடமோ புழுக்கம் நிறைந்தது, ரசிகர்களின் நாற்காலிக்கும் கோதாவுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. ஒரு முறை நான் முன்பணம் கட்டிய மூன்று வட்டுகள் வரவேயில்லை. விற்ற கடை என் கடிதங்களுக்குப் பதிலும் தரவில்லை. அதற்கடுத்த மாதமே வேறிடத்தில் அதே மூன்றையும் மறுபடி வாங்கினேன்.

பெண்களின் ஆட்டத்துக்கு அன்று நான் கண்ட நல்ல இடம் ஷிம்மர். 2005 நவம்பரில் இல்லினாயின் பெர்வின் நகரில் தொடங்கிய இந்த அமைப்பு, ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளைப் படமெடுத்துவந்தது. அதனால் பிற்பகுதியில் கூட்டம் களைத்துப்போவது வட்டிலும் தெரியும். இது உண்மையான குறை. ஆயினும் 2007இல் முதல் பட்டத்தை வென்ற சாரா டெல் ரேயின் ஆட்டத்தில் வீணான அசைவு ஒன்றுகூட இருப்பதில்லை. தொலைக்காட்சியில் பெண்களுக்கு ஓரிரு நிமிடங்களே ஒதுக்கப்பட்ட காலத்தில், இவரும் சியர்லீடர் மெலிஸாவும் மிஸ்சிஃப்பும் முழு நிகழ்ச்சியையும் தம் தோளில் சுமந்தார்கள். டெல் ரே 2012 முதல் டபிள்யூ டபிள்யூ ஈயின் பயிற்சியாளராகிப் பலரை உருவாக்கினார் என்றாலும், அவரைப் பெரிய மேடையில் ஆடவிடாமல் போனது என்னைப் பொறுத்தவரை ஈடுசெய்ய முடியாத இழப்பு.

குழல்விளக்குகளை உடைத்தும் முள்கம்பியில் புரண்டும் ஆடும் டெத்மேட்ச்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. 2009இல் அத்தகைய ஆட்டமொன்றில் ஆழமாக வெட்டுப்பட்ட நிக் கேஜை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது; அதன் பின் அந்த வகையை வாங்குவதை நிறுத்திவிட்டேன். 2020 ஜூனில் இத்துறையில் பாதிக்கப்பட்ட பலர் தமக்கு நேர்ந்த கொடுமைகளை வெளிப்படையாகச் சொன்னபோது, நான் விரும்பிப் பார்த்த சில வட்டுகளையும் பெட்டியின் அடியில் போட்டேன், இன்றுவரை எடுக்கவில்லை.

இன்று புதிதாக வருபவருக்கு வழி எளிது. 2018 செப்டம்பர் 1ஆம் தேதி கோடி ரோட்ஸ் என்ற வீரரும் யங் பக்ஸ் சகோதரர்களும் சிகாகோவின் புறநகரில் நடத்திய ஆல் இன் நிகழ்ச்சிக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதன் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு ஏஈடபிள்யூ என்ற புதிய மல்யுத்த நிறுவனம் உருவானது. அதன் உரிமையாளர் டோனி கான் 2022இல் ரிங் ஆஃப் ஹானரையும் அதன் காட்சித் தொகுப்போடு வாங்கினார். நான் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவற்றில் பெரும்பகுதி இப்போது அந்நிறுவனத்தின் இணையவழிச் சேவையான ஹானர் கிளப் சந்தாவில் கிடைக்கிறது. டேட்டன் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். அந்த ஹெட்லாக் சலிப்பூட்டினாலும் ஓட்டிவிடாதீர்கள்.

அதே தொகுப்பில், 2022 டிசம்பர் 10ஆம் தேதி ஜே, மார்க் பிரிஸ்கோ சகோதரர்கள் எஃப்டிஆர் இணையுடன் கழுத்தில் சங்கிலி பூட்டி ஆடிய ஆட்டமும் இருக்கிறது. அவ்விரு அணிகளின் மூன்றாம் மோதலான அதில் வென்று, பிரிஸ்கோக்கள் பதின்மூன்றாம் முறையாக இணைப் பட்டம் பெற்றார்கள். ஐந்து வாரங்கள் கழித்து, 2023 ஜனவரி 17ஆம் தேதி, ஜே கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 38. 2002 பிப்ரவரி 23ஆம் தேதி பிலடெல்பியாவில் ரிங் ஆஃப் ஹானரின் முதல் நிகழ்ச்சி நடந்தபோது ஜே அமேசிங் ரெட்டுடன் ஆடினார். பதினெட்டு வயது நிறையாத தம்பி மார்க்குக்கு அந்த மாநிலச் சட்டம் ஆட அனுமதி தரவில்லை. 2024 ஏப்ரல் 5ஆம் தேதி, அதே பிலடெல்பியாவில், மார்க் தனியாளாக எடி கிங்ஸ்டனை வென்று உலகப் பட்டத்தைக் கையில் எடுத்தார். நம்மூரில் அப்போது பொழுது விடிந்துவிட்டது. அலுவலகத்துக்குப் புறப்படும் முன் பெட்டியிலிருந்து அந்த முதல் நிகழ்ச்சியின் வட்டைத் தேடி எடுத்து, ஜே ஆடிய அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன்.