4 வருஷமாகப் போட்டுத் திரியும் ரைடிங் ஜாக்கெட்: கவசம் பற்றி மட்டும்

சென்னை வெயிலில் பைக் ஓட்டும்போது, காற்றுப் புகும் வலைத்துணி வைத்த மெஷ் ஜாக்கெட்டே வேக வைக்கும், அது தெரிந்துதான் வாங்கினேன். முதல் மாதம் தெருமுனை டீக்கடைக்காரர் "என்ன தம்பி, பட்டாளத்துல சேர்ந்துட்டியா?" என்று கேட்டார், இப்போது கேட்பதில்லை.

தோளிலும் முழங்கையிலும் அடி தாங்கும் லெவல் 2 பேட். 5 கிலோ எடையைச் சுமார் 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போட்டுச் சோதிப்பார்கள், மறுபக்கம் கடந்து வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20க்குள் இருந்தால் லெவல் 2. கையில் எடுத்துப் பார்த்தால் களிமண் மாதிரி வளையும், அடி விழும் நொடியில்தான் இறுகும். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் பேடுக்கான உள்பையில் என்ன இருக்கிறது என்று 3 மாதம் கழித்துதான் கழற்றிப் பார்த்தேன். வெறும் ஸ்பாஞ்ச்! மெத்தைக்குள் இருக்குமே, அதேதான். கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சரி, நானும் கேட்கவில்லை. முதுகுக்குத் தனித் தரம் உண்டு, அதில் லெவல் 2 என்றால் 9 கிலோநியூட்டன்தான் வரம்பு, அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன்.

இரண்டாம் வருஷம் ஏலகிரி இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில் கிடந்த மணலில் முன் சக்கரம் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தேன், வேகம் 30கூட இருக்காது. தோளில் நல்ல இடி, ஆனால் ஒரு கன்றிப்போன தடம்கூட இல்லை. முழங்கையில்தான் தோல் உரிந்து ரத்தம். பேட் உடையவில்லை, நழுவி முன்கையின் உள்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது, ஏனென்றால் புழுக்கத்துக்காகக் கைப்பட்டியைத் தளர்த்தி விட்டிருந்தது நான். ஒரு சைஸ் பெரியதாக வாங்கியதும் என் தப்புதான், "உள்ளே ஸ்வெட்டர் போடலாமே" என்று நினைத்தேன், சென்னையில்!

அன்றிலிருந்து கிளம்பும் முன் பட்டியை இழுத்துவிட்டு, கையை மடக்கி, முழங்கை எலும்பு பேடுக்கு நடுவில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே வண்டி ஓட்டுகிற மாதிரி கையை நீட்டி உட்கார்ந்து பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

துவைக்கும்போது பேட்களைக் கழற்றிவிடுங்கள். திரும்பச் செருகும்போது நான் ஒருமுறை தலைகீழாகச் செருகி, திருவண்ணாமலை வரை தோள் இடிக்க இடிக்கப் போய்வந்தேன். அப்புறம் இடி வாங்கிய அந்த இடது தோள் பேடை மாற்றிவிட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை.