பாளையங்கோட்டையில ரெண்டு பிளம்பர், ஒன்பது டைல்ஸ், ஒரு பாட்டில் சொட்டு நீலம்

நல்ல பிளம்பர் யாராவது இருந்தா சொல்லுங்கன்னு தெருவுல ஆளாளுக்கு என்கிட்டதான் கேக்காங்க, எங்க பாத்ரூம் கதை மகாராஜநகர்ல அவ்வளவு பேமஸ். ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிப் போட்டுடுறேன். ரெண்டு பேரையும் பேர் சொல்லப்போறதில்ல, முத ஆளு பேர சொன்னா சண்டைக்கு வருவான், ரெண்டாவது ஆள சொன்னா எனக்கு கிடைக்க மாட்டாரு.

வீடு கட்டி 14 வருசம் ஆச்சு. போன ஆனித் தேரோட்டத்துக்கு சொந்தபந்தம் எல்லாம் வந்து வீடு நிறைஞ்சு கிடக்கு, அப்பதான் பாக்கேன், பெட்ரூம் செவுத்துல கட்டில் தலமாட்டுக்கு பின்னால பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்கு. கைய வச்சா சுண்ணாம்பு பொலபொலன்னு உதிருது. அந்தப் பக்கம் பாத்ரூம். ஆச்சி வேற "ஏளா, செவுரு ஊத்தெடுக்கு, யாரையாது கூப்பிட்டு பாருளா"ன்னு ஒரே நச்சரிப்பு.

ஹார்டுவேர் கடையில ஒரு நம்பர் குடுத்தாங்க. போன் போட்டா அரைமணி நேரத்துல வந்துட்டான், பிளம்பர் அரைமணி நேரத்துல வாரான்னாலே நான் சுதாரிச்சிருக்கணும். காதுல புளூடூத்து. செவுத்த விரலால ரெண்டு தட்டு தட்டுனான், "கன்சீல்டு லைன்ல, செவுத்துக்குள்ள போற பைப்புல லீக்குக்கா, உடைச்சுத்தான் பாக்கணும்"னுட்டு 2000 ரூவா அட்வான்ஸ் கேட்டான். ஒரு கேள்வி கேக்கல. எப்ப இருந்து ஈரம், எந்நேரமும் இருக்கா குளிச்ச பொறவு மட்டுமா, ஒண்ணும் கிடையாது. டிரில்லிங் மெஷின வச்சு டர்ருன்னு ஆரம்பிச்சா ஒன்பது டைல்ஸ் போச்சு. உள்ள பைப்பு எப்படி இருக்குங்கீங்க, காஞ்ச கருவாடு மாதிரி தூசியோட கிடக்கு! "இங்க இல்லன்னா அந்தப் பக்கம் இருக்கும்க்கா"ன்னு அடுத்த செவுத்துக்கு கிளம்பிட்டான். நான்தான் போதும்ப்பான்னு நிப்பாட்டுனேன்.

அதோட விட்டானா. உடைக்கும்போது கீசர்ல இருந்து வார சுடுதண்ணி லைன்ல டிரில்லு பட்டு ஓட்டையாயிட்டு. அத மாத்துதேன்னு வெள்ளை யுபிவிசி பைப்ப போட்டு மூடிட்டான். எனக்கு அப்ப தெரியாது, அந்த பைப்பு பச்சத்தண்ணிக்கு மட்டுந்தான், சூடு ஏற ஏற இளகிரும், சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசிதான் போடணும், அதுதான் 90 டிகிரி வரைக்கும் தாங்கும். அத ஒட்டுத சொல்யூஷனும் வேற. இருபதே நாள்ல ஜாயிண்ட் விட்டு, இல்லாத லீக்க தேட வந்தவன் நெசமாவே ஒரு லீக்க உண்டாக்கிட்டான். மொத்தம் 6400 ரூவா, டைல்ஸ் ஒட்டுன கொத்தனார் கூலி தனி. 14 வருசத்துக்கு முந்துன கலர் எங்க கிடைக்கும், இப்ப அந்த ஒன்பதும் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி தனியா தெரியுது. போன் பண்ணா "லைன்ல இருக்கேன்க்கா, கூப்பிடுதேன்"னான், இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கான்.

ரெண்டாவது ஆள எங்க மைனி சொன்னாங்க. அவங்க வீடு வண்ணார்பேட்டையில. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழையில தாமிரபரணி பெருகி தெருவுக்குள்ள வந்துச்சுல்லா, அப்ப சம்பு பூரா சேறு, மோட்டாரும் அவுட்டு. அந்த நேரத்துல மோட்டார கழட்டி மாட்ட வாய்க்கு வந்த ரேட்டு கேட்டவங்க உண்டு. இந்த அண்ணாச்சி வழக்கமான கூலிதான் வாங்குனாராம், சேத்த அள்ளிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு தடவ கழுவித்தான் தண்ணி விட சொன்னாராம்.

ஆளு அறுபது வயசுக்கு மேல. பழைய எக்ஸெல் வண்டி, உரச்சாக்குல சாமான், வாய்ல வெத்தல. வந்ததும் செவுத்த பாக்கல, நேரா மாடிக்கு ஏறிட்டாரு. "தாயி, ராத்திரி படுக்கப் போகையில எல்லா பைப்பையும், கீசர் வால்வயும் மூடிரு, மோட்டார் போடாத, யாரும் தண்ணி புழங்கப்பிடாது"ன்னுட்டு சிண்டெக்ஸ் டேங்குக்குள்ள தண்ணி நிக்க மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு. அம்புட்டுதான், போயிட்டாரு. எனக்கு எரிச்சலா வந்துச்சு, இதுக்கா 200 ரூவா விசிட் சார்ஜுன்னு. காலைல பாத்தா கோடு வச்ச இடத்துலயே தண்ணி நிக்கு. "அப்ப மத்த பைப்புல ஒண்ணும் இல்ல, குளிச்சிட்டு வெளிய போற தண்ணிலதான் கோளாறு"ன்னாரு.

அடுத்து செஞ்சதுதான் எனக்கு மறக்காது. பாத்ரூம் தரையில தண்ணி வடியுத ஓட்டை, நாணி டிராப்புன்னு சொல்லுவாங்க, அத பழந்துணிய வச்சு அடைச்சாரு. அடுக்களைல சொட்டு நீலம் இருக்கான்னு கேட்டு வாங்கி, ஒரு வாளி தண்ணில கலக்கி தரை பூரா விரல்கடை உயரத்துக்கு தேக்கி வச்சாரு. யாரும் உள்ள போவாதீங்கன்னு கதவ சாத்திட்டு, காப்பிய குடிச்சிட்டு கிளம்பிட்டாரு. மறுநாள் காலைல பெட்ரூம் செவுத்துல, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துக்கு கீழ, பள்ளிக்கூட யூனிபார்ம்ல மை கொட்டுன மாதிரி நீலமா ஒரு திட்டு! எங்க வீட்டு அவிய வாயப் பொளந்து நின்னாவ. டிராப்ப சுத்தி டைல்ஸ் இடுக்குல இருந்த வெள்ளை சிமெண்டு அரிச்சுப் போயி, குளிக்க தண்ணி எல்லாம் அது வழியா இறங்கி செவுத்துல ஏறியிருக்கு.

பிளேட வச்சு இடுக்க பூரா சுரண்டி எடுத்து, ஒரு நாள் காய விட்டு, தண்ணி இறங்காத எபாக்சி கலவைய போட்டு அடைச்சாரு. ஒரு டைல்ஸ் உடையல. கீசர் லைனயும் சிபிவிசில மாத்தி, மூடுததுக்கு முன்னால கைப்பம்புல பிரஷர் ஏத்தி ஒரு ராத்திரி விட்டு பாத்துட்டுத்தான் கொத்தனார கூப்பிட சொன்னாரு. கூலி 1800, சாமான் தனி. சாமான அவரு வாங்க மாட்டாரு, சிகரெட் அட்டைல எழுதிக் குடுப்பாரு, நாமளே போயி வாங்கணும், அதனால பில்லு நம்ம கையில.

குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். போன் எடுக்கவே மாட்டாரு. நாளைக்கு வாரேன்னா அது எந்த நாளைக்குன்னு அவருக்கே தெரியாது. துணைக்கு ஆள் கிடையாது, அதனால ஒரு நாள் வேலை மூணு நாள் இழுக்கும். வெத்தலய முருங்கை மூட்டுல துப்பி வச்சிருந்தாரு, நான் சத்தம் போட்ட பொறவுதான் வாருகாலுக்கு மாறுனாரு. தண்ணி கொட்டிட்டு ஓடுது, இந்த நிமிசம் ஆள் வேணும்னா இவரு சரிப்பட மாட்டாரு, அதுக்கு அந்த புளூடூத்து மாதிரி ஆளதான் கூப்பிடணும், பக்கத்துல நின்னு டிரில்லிங் மெஷின மட்டும் எடுக்க விடாதீங்க.

செவுரு இப்ப காஞ்சிட்டு, தை பொறந்ததும் பெயிண்ட் அடிச்சோம், இதுவரைக்கும் பொரியல. அடுக்களைல குழாய் ஒண்ணு சொட்டுது, வியாழக்கிழமை வாரேன்னு சொன்னாரு. இன்னைக்கு சனி, கீழ வாளிய வச்சிட்டு உக்காந்திருக்கேன்.