பவர் கார்டு, டிசி பிளாக்கர், அப்பாவோட ரிசீவர்: ஒன்பது வருஷ அனுபவம்

ஒன்பது வருஷமா ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) இசைத்தட்டு சுத்துற டர்ன்டேபிளுக்கும் போற கரண்ட் விஷயத்துல மட்டும் நான் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்ததையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், ஏன்னா புதுசா வர்றவங்க ஸ்பீக்கரை எங்க வைக்கிறதுன்னு கேக்குறதுக்கு முன்னாடியே எந்த பவர் கார்டு வாங்கறதுன்னு கேக்குறாங்க.

எனக்கு இது ஆரம்பிச்சது அப்பாவோட ரிசீவர்னால, அதாவது ரேடியோவும் ஆம்ப்பும் ஒண்ணா இருக்குற பெட்டி. எழுபதுகள்ல வந்தது, அலுமினிய முகப்பு, டயல்ல பச்சை வெளிச்சம். பின்னாடி ரெண்டு ஏசி சாக்கெட் இருக்கும், ஒண்ணு மேல ஸ்விட்ச்டுன்னும் இன்னொண்ணு மேல அன்ஸ்விட்ச்டுன்னும் அச்சடிச்சிருப்பாங்க, பக்கத்துலயே மொத்தம் 100 வாட்டைத் தாண்டக்கூடாதுன்னு சின்ன எழுத்துல இருக்கும். டர்ன்டேபிளும் டேப் டெக்கும் அதுலதான் சொருகியிருக்கும். அப்பா முன்னாடி இருக்குற குமிழைத் திருகினா போதும், ரிசீவரும் டர்ன்டேபிளும் ஒண்ணா எழுந்துக்கும், ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு உள்ள ரிலே டக்குனு ஒரு சத்தம், அப்புறம் பாட்டு. இப்ப வர்ற பெரும்பாலான ஆம்ப்ல அந்த சாக்கெட்டே கிடையாது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வயர், அதனாலதான் கார்டு, போர்டு, கரண்டைச் சுத்தம் பண்ற கன்டிஷனர்னு இவ்வளவு பெரிய வியாபாரமே வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல கார்டு. தடியா பாம்பு மாதிரி இருக்குற ஒண்ணு வாங்கினேன், மொத ராத்திரி சத்தியமா வித்தியாசம் தெரிஞ்சுச்சு, பாடுற குரல் முன்னாடி வந்து நின்ன மாதிரி. ஒரு வாரம் கழிச்சு நண்பர் ஒருத்தர் எனக்குத் தெரியாம மாத்தி மாத்திப் போட்டார், பத்து தடவைல அஞ்சு தடவைதான் சரியா சொன்னேன். அஞ்சுன்னா காசு சுண்டிப் பாத்து சொல்றதுக்கு சமம். யோசிச்சா நியாயம்தான், உள்ள போன கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, பெரிய கெப்பாசிட்டர்னு தாண்டி டிசியா (ஒரே திசைல ஓடுற கரண்டா) மாறினப்புறம்தான் பாட்டுக்கு உதவுது, அதுக்கு முன்னாடி சுவருக்குள்ள எத்தனையோ மீட்டர் சாதாரண வயர்ல வந்திருக்கு, கடைசி ஒன்றரை மீட்டர் என்ன செஞ்சிடும். கெட்டியா பிடிக்கிற சாக்கெட், கறுக்காத பின், தேவையான ஆம்பியர் தாங்குற கார்டு, அவ்வளவு இருந்தா போதும்.

டிசி பிளாக்கர் கதை வேற, அது சுவர்ல வர்ற மெயின்ஸ் கரண்ட்ல கலந்திருக்குற டிசியைத் தடுக்குற பெட்டி. என்னோட பவர் ஆம்ப்ல டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், சில நேரம் ஸ்பீக்கர்ல ஒண்ணும் கேக்காது, ஆனா பெட்டியே உர்ர்ருனு உறுமும். மூடி மேல கைய வச்சா விரல் நுனில அதிர்வு தெரியும். எப்ப வருது எப்ப போகுதுன்னு ஒரு மாசம் புரியவே இல்ல, அப்புறம் ஒருநாள் பக்கத்து ரூம்ல ஹேர் டிரையரைப் பாதி சூட்டுல போட்டப்ப கரெக்டா உறுமல் ஆரம்பிச்சுச்சு, நிறுத்தினா நின்னுச்சு. பாதி சூட்டுக்கு பல டிரையர்ல உள்ள ஒரு டையோடுதான், அலையோட ஒரு பாதிய மட்டும் எடுக்கும், அதனால மெயின்ஸ் கொஞ்சூண்டு ஒரு பக்கமா சாயும். டொராய்டல் கோர்ல காத்து இடைவெளி இல்லாததால ஒரு வோல்ட்டுக்கும் கம்மியான டிசியே அதைத் திணறடிச்சிடும். அதுக்குத்தான் டிசி பிளாக்கர் வாங்கினேன், ரெண்டு பெரிய கெப்பாசிட்டர், கூட டையோடு, அவ்வளவுதான் உள்ள இருக்கு, போட்ட நிமிஷம் அடங்கிடுச்சு, ஆறு வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் திரும்ப வரல. இந்த ஒன்பது வருஷத்துல நான் வாங்கினதுலயே உருப்படியானது இதுதான்.

ஸ்பீக்கர்ல வர்ற ஹம் தனி நோய், இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க. எனக்கு அது டிவி ஆன்டெனா கேபிள் வழியா வந்த எர்த் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த் சேர்ந்து அந்த வளையத்துல ஓடுற கரண்ட். கேபிளைக் கழட்டினா நிசப்தம், மாட்டினா ஹம். ஆன்டெனா ஐசொலேட்டர் ஒண்ணு போட்டேன், எல்லாத்தையும் ஒரே போர்டுல சொருகினேன், முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒரு கடைல எர்த் பின்னைக் கழட்டிடுங்க சார்னு சாதாரணமா சொன்னாங்க, எனக்கு இன்னும் அது கோபம். உள்ள ஒரு வயர் அறுந்து மெட்டல் பெட்டில பட்டுச்சுன்னா தொடுறவங்க உயிரு அந்தப் பின்லதான் இருக்கு. எத்தனை ஹம் வந்தாலும் எர்த்தைக் கழட்டாதீங்க.

வோல்ட் திடீர்னு எகிறினா தடுக்குற சர்ஜ் போர்டுக்கும் ஆயுசு உண்டு, அந்த அடியை வாங்கிக்கிற எம்ஓவிங்கிற உள் பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், என்னோடதுல பாதுகாப்பு லைட் அணைஞ்சு எத்தனை மாசமாச்சோ, நான் கவனிக்கவே இல்ல. மாத்திட்டேன். மெயின்ஸோட நேரடித் தொடர்பில்லாம கரண்ட் தர்ற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன், அதுவே முனகுச்சு, குடுத்துட்டேன்.

மெயின்ஸை வாங்கி புதுசா சீரான ஏசி செஞ்சு தர்ற ரீஜெனரேட்டர் மட்டும் வித்தாலும் மனசு இல்லாமதான் வித்தேன். ஆம்ப்புக்கு ஒண்ணும் செய்யல, பழைய டர்ன்டேபிளுக்கு செஞ்சுச்சு. சிங்க்ரோனஸ் மோட்டார்ல ஓடுற தட்டு மெயின்ஸ் ஃப்ரீக்வென்சியைத்தான் பிடிச்சிட்டு சுத்தும், ஜெனரேட்டர் ஓடுறப்ப 50 ஹெர்ட்ஸ் 51 ஆச்சுன்னா பாட்டு 2 சதவீதம் வேகம், ஏறக்குறைய அரை சுரத்துல மூணுல ஒரு பங்கு ஏறிடும். இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் விளங்குச்சு. தட்டு ஓரத்துல புள்ளி இருக்கும்ல, 50 ஹெர்ட்ஸ் வரிசைல 180, 60 ஹெர்ட்ஸ் வரிசைல 216, நியான் வெளிச்சத்துல அது அசையாம நின்னா நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சரின்னு அர்த்தம். ஆனா நியானும் அதே மெயின்ஸ்ல எரியுது, மோட்டாரும் அதே மெயின்ஸ்ல ஓடுது, ஃப்ரீக்வென்சி மாறினா ரெண்டும் சேர்ந்தே மாறும், அதனால சுருதி ஏறியிருந்தாலும் புள்ளி அசையாம அழகா நிக்கும்! சின்ன வயசுல அந்த ஆரஞ்சு வெளிச்சத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன், அது நின்னா எல்லாம் சரின்னு நம்பினேன். 1979ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் லாக் (மெயின்ஸ் இல்லாம குவார்ட்ஸ் படிகத்தை வச்சு வேகத்தைப் பிடிக்கிறது) இருக்குறதுக்கு இந்தக் கவலையே இல்ல.

ரிசீவருக்கு வர்றேன். அப்பா போனப்புறம் அது என்கிட்ட வந்துச்சு. ஆடியோ கார்டு, நல்ல போர்டு எல்லாம் குடுத்தும் பழைய சத்தம் வரல, கொஞ்சம் கரகரப்பு, மேல கை வைக்க முடியாத சூடு, டயல் பல்பு ஒண்ணு மாத்தினா அடுத்தது போகும். பல்புதான் காட்டிக் குடுத்துச்சு. பின்னாடி 220 வோல்ட்னு போட்டிருக்கு, மாத்துற வசதி இல்ல, என் லைன்ல மீட்டர் வச்சா 240. ஒன்பது சதவீதம் கூட, இந்த மாதிரி இழை பல்போட ஆயுசு அதுலயே மூணுல ஒரு பங்கா குறைஞ்சிடும், உள்ள மத்ததெல்லாம் அதே சூட்டுலதான் வெந்துட்டிருக்கு. விவரம் தெரிஞ்ச டெக்னீஷியன் ஒருத்தர் 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை அந்த 18 கழியுற மாதிரி எதிர்ப்பக்கமா சீரிஸ்ல கட்டி, ஃப்யூஸோட மூடின பெட்டில போட்டுக் குடுத்தார், இப்ப 222 வருது. காய்ஞ்சு போன கெப்பாசிட்டரையும் மாத்தினார், கரகரப்பு அதுலதான் போச்சு, கார்டுல இல்ல.

ரெண்டு வருஷமாச்சு, ஒரு பல்புகூட போகல. அப்பா வச்சிருந்த மாதிரியே டர்ன்டேபிளை ஸ்விட்ச்டு சாக்கெட்லதான் சொருகியிருக்கேன், சாயங்காலம் குமிழைத் திருகிட்டு அந்த டக் சத்தம் வர்ற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்.