ஆன்லைன் கவுன்சிலிங்: எட்டு செஷன், இரண்டு கவுன்சிலர், ஒரு பழைய ஆல்டோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்புக்கு ஐந்துக்கு இரண்டு, அதில் எனக்குக் கிடைத்த இரண்டாவது கவுன்சிலருக்கு நாலரை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் தப்புக் கணக்கு வரும், அதனால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஆப்பின் பெயரைப் போடப் போவதில்லை.

போன வருடம் ஜூனில் அப்பா தவறிவிட்டார். அம்மாவைத் தனியாக விட முடியாது என்று செப்டம்பரில் வேளச்சேரி வீட்டைக் காலி பண்ணிவிட்டுக் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்துவிட்டோம். மகளுக்குப் பாதி வருடத்தில் புதுப் பள்ளிக்கூடம், மனைவி பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள், எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ். நடுநடுவே வாரிசுச் சான்றிதழ், பேங்க், ஈபி இணைப்புக்குப் பெயர் மாற்றம் என்று ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். டிசம்பர் வாக்கில் தினமும் விடியற்காலை மூணேகாலுக்கு முழிப்பு வர ஆரம்பித்தது, கூடவே நெஞ்சுப் படபடப்பு. கேஸ்தான் என்று இரண்டு மாதம் ஓமவாட்டர் குடித்தேன். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். கடைசியில் டாக்டரே, "யார்கிட்டயாவது உட்கார்ந்து பேசுங்க சார்" என்றார்.

தில்லைநகரில் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த வெயிட்டிங் ஹாலிலும் ஒரு சித்தப்பாவோ பெரியம்மா மருமகளோ உட்கார்ந்திருக்கிற ஊர் இது, "என்னப்பா இங்க?" என்ற கேள்விக்குப் பதில் தயார் பண்ணத் தெம்பில்லை. அதனால் ஆன்லைன். நாலு செஷன் பேக்கேஜ் 3,600 ரூபாய், ஒரு செஷன் 50 நிமிடம், 45 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

தமிழ் என்று தேர்ந்தெடுத்தும் முதலில் வந்தவர் முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பகை இல்லை, நாள் முழுக்க ஆபீஸில் அதில்தான் பேசுகிறேன், சிக்கலே அதுதான். ஆங்கிலம் காதில் விழுந்ததும் மீட்டிங்கில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டேன். அப்பா இறந்ததையே ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு மேனேஜருக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அவரும் சளைக்காமல் வாக்கிங், போனைத் தள்ளி வைப்பது, நன்றி நோட்டு என்று வேலைப் பட்டியல் கொடுத்தார். 38 நிமிடத்தில் முடிந்தது. ஆளை மாற்றித் தரச் சொல்லி நாலு நாள் ஒரு ரோபோவோடு சாட்டில் மல்லுக்கட்டினேன், மாற்றினார்கள், போன செஷன் போனதுதான், பணம் வரவில்லை.

இரண்டாவதாக வந்தவர் திருநெல்வேலிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. "ஒண்ணுமில்ல மேடம், தூக்கம் மட்டும்தான் பிரச்சினை" என்றேன். அவர் தூக்கத்தைப் பற்றியே கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன், அப்புறம், "முழிச்சதும் காது முதல்ல என்னத்தைத் தேடுது சார்?" என்று ஒரு கேள்வி. அதுவரை நான் யோசித்ததே இல்லை. பக்கத்து அறையில் அம்மா இருமுகிறாளா என்றுதான் என் காது தேடிக்கொண்டிருந்தது. அப்பா தூக்கத்திலேயே போனவர். மூன்று, நாலு மணிக்குள் ஆகியிருக்கும் என்றார்கள், அம்மா எழுந்து பார்க்கும்போது ஐந்தரை, நான் சென்னையில் இருந்தேன். இதை அவரிடம் சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது, அந்தப் பத்து நிமிடமும் அவர் குறுக்கே பேசவில்லை.

வைத்தியம் என்று பார்த்தால் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. மகளின் மிச்சமான கணக்கு நோட்டில் மூன்று கட்டம்: எத்தனை மணி, மனசில் என்ன ஓடியது, உடம்பில் எங்கே தெரிந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் கவனித்து மாற்றுகிற சிபிடி என்ற முறையாம், 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஆரம்பித்தது. இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து ஹாலுக்குப் போய்விட வேண்டும். அப்புறம் கவலைப்படுவதற்கென்றே மாலை ஆறரையிலிருந்து 20 நிமிடம். ராத்திரி ஏதாவது கவலை வந்தால் ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டு, வட்டிக்காரரிடம் சொல்கிற மாதிரி "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட வேண்டும். முதல் வாரம் கேனத்தனமாக இருந்தது. மூன்றாவது வாரம் ஆறரைக்கு நோட்டைத் திறந்தால் பாதி வார்த்தை எதற்கு எழுதினேன் என்றே புரியவில்லை. அம்மா கட்டில் பக்கத்தில் ஒரு காலிங் பெல் வைக்கச் சொன்னதும் இவர்தான், வைத்தேன். அம்மா முதல் இரண்டு நாள் அது வேலை செய்கிறதா என்று சோதிக்கவே அடித்து எழுப்பினாள்.

இடம்தான் பெரும் பாடு. இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்தினால் "யார்கிட்ட பேசறே?" என்ற குரல் வரும். அதனால் தெருவில் நிற்கிற ஆல்டோதான் என் கிளினிக். திருச்சி ஏப்ரல் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு மாமா கண்ணாடியைத் தட்டி, "வண்டி ஸ்டார்ட் ஆகலையா தம்பி?" என்றார். நீங்கள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஸ்லாட் எடுங்கள்.

ஆப்புக்கு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், ஆறாவது செஷனில் ஒரு விஷயம் சொன்னேன். அப்பாவின் நம்பருக்கு 28 நாளுக்கு ஒருமுறை இன்னும் நான் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். "பேங்க் ஓடிபி அதுலதான் வரும்" என்றேன். "அந்தக் கணக்கு இன்னும் இருக்கா சார்?" மார்ச்சிலேயே மூடியாகிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்த கடிகாரம் சிவப்பாகி, 50 நிமிடம் என்று கால் தானாகவே கட் ஆகி, 'இந்த செஷனுக்கு எத்தனை ஸ்டார்?' என்று திரை முழுக்க மஞ்சள் நட்சத்திரம். இதை வடிவமைத்தவர் ஒரு முறையாவது யாரிடமாவது மனசு விட்டுப் பேசியிருப்பாரா என்று தெரியவில்லை.

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று தருவார்கள், அதிகபட்சம் 27, கூடக் கூட மோசம். முதல் நாள் எனக்கு 14, எட்டாவது செஷனில் 6. ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு உங்கள் பதில் 'ஆமாம்' என்றால் இந்த மாதிரி ஆப்பில் ஸ்லாட்டுக்குக் காத்திருக்காதீர்கள், 14416க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

பணம் கட்டும் முன் ஆளின் தகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், கூசாமல் கேளுங்கள். என்னுடையவர் கேட்டதும் கொடுத்தார். முதலாமவரின் பக்கத்தில் 'நல்வாழ்வு நிபுணர்' என்று மட்டும்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மாத்திரை எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை, இவர்கள் தர மாட்டார்கள். இன்சூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உண்டாம்.

இப்போது மாதம் ஒரு செஷன் மட்டும் வைத்திருக்கிறேன். மூணேகால் முழிப்பு வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் வருகிறது. ரீசார்ஜை நிறுத்தச் சொல்லி மேடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போன வாரமும் பண்ணினேன், ஆனால் டேட்டா இல்லாத சின்ன பிளானாகப் பார்த்து.